உப்புத்தண்ணியில நெல்லு, 350 ரூவா ஆட்டோ: கடமக்குடி போன கதை

கொச்சி பக்கத்துல காயலுக்கு நடுவுல இருக்குற கடமக்குடிங்கிற தீவு ஊருல, உப்புத்தண்ணியில விளையுற நெல்லை பாத்துட்டு நேத்து நைட்டு தான் வந்து இறங்குனேன், கால் நகத்துல இன்னும் சேறு போகல, மறக்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். எப்படி போறது, எவ்ளோ ஆச்சுன்னு வரிசையா போடுறேன்னு குரூப்ல சொல்லியிருந்தேன், பாப்போம் எவ்ளோ தூரம் வரிசையா வருதுன்னு.

முதல்ல அந்த ஆட்டோ. எர்ணாகுளத்துல இருந்து வராப்புழா வரைக்கும் பிரைவேட் பஸ், அந்த டிரைவருக்கு பிரேக்குன்னு ஒண்ணு இருக்குறதே அடுத்த ஸ்டாப் வந்தா தான் ஞாபகம் வரும் போல, நின்னுக்கிட்டே போய் தோள்பட்டை கழண்டுருச்சு. சரி போகட்டும், டிக்கெட் கம்மி. அங்க இறங்கி கடமக்குடிக்கு ஆட்டோ கேட்டா 350 ரூவா. சேட்டா கொஞ்சம் குறைங்கன்னேன், "திரிச்சு ஓட்டம் கிட்டில்லா"ன்னு (திரும்பி வர்றப்ப சவாரி கிடைக்காதாம்) ஒரே பதில். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும்னு ஏறிட்டேன். திரும்பி வரும்போது அதே ரூட்டுக்கு இன்னொருத்தர் 120 தான் வாங்குனாரு. பேக்பேக்கும் தொப்பியுமா போய் நின்னது என் தப்பு தான்.

ஆனா போய் இறங்குன உடனே அந்த கோவம் பாதி போயிடுச்சு. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ஒத்தை ரோடு, தண்ணிக்குள்ள இருந்து நெல்லு தலையை மட்டும் நீட்டிக்கிட்டு சாஞ்சு கிடக்குது. இது தான் பொக்காளி, உப்பை தாங்குற நெல்லு ரகம். மலையாளத்துல பொக்கம்னா உயரம், பயிரு ஆள் உயரத்துக்கு கிட்ட வளரும், அதனால அந்த பேரு. அக்டோபர் கடைசி, அறுப்பு நேரம். இடுப்பளவு தண்ணியில சேச்சிங்க நின்னுக்கிட்டு கதிரை மட்டும் அறுத்து அறுத்து சின்ன வஞ்சியில (படகு தான்) போட்டுக்கிட்டு இருந்தாங்க. தாளை தொடுறதே இல்ல, அப்படியே தண்ணியில விட்டுடுறாங்க. ஏன் வேஸ்ட் பண்றீங்கன்னு வரப்புல நின்ன பெரியவர்கிட்ட கேட்டேன், சிரிச்சாரு. அது எறாலுக்கு சாப்பாடாம்!

நான் கேட்டதுலயே அசந்து போன மேட்டர் இதான். நவம்பர் பாதியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் இதே வயல் "எறால் கெட்டு", அதாவது எறால் வளக்குற இடமா ஆகிடும். காயல் தண்ணி ஏறும்போது தூம்பை (நம்ம ஏரி தூம்பு தான், அதே வார்த்தை!) திறந்தா குட்டி எறால் தானா உள்ள வரும், ராத்திரி வெளக்கு கட்டி தொங்கவிட்டு இழுப்பாங்களாம், அழுகுற தாளுல வளர்ற புழு பூச்சியை தின்னு பெருசாகும், தண்ணி இறங்கும்போது தூம்புல வலை கட்டி புடிச்சுக்குவாங்க. எறால் போட்ட கழிவெல்லாம் சேத்துல தங்கி அடுத்த நெல்லுக்கு உரம். யூரியா இல்ல, டிஏபி இல்ல, மருந்தும் அடிக்கிறதில்ல, மருந்தடிச்சா எறால் செத்துடும்ல. ஒரு நெல்லு, ஒரு மீனுன்னு தான் இங்க வெள்ளாமை.

சரி உப்பு? கோடையில மண்ணை கூனா கூனாவா குவிச்சு வைக்கிறாங்க, ஜூன்ல மழை கொட்டும்போது அந்த கூனாவுல இருக்குற உப்பு கரைஞ்சு வடிஞ்சிடும், அது தலையில முளை கட்டுன விதையை போட்டு, ஒரு மாசம் கழிச்சு கூனாவை நாத்தோட வெட்டி சுத்தி பரப்பி விடுறாங்க. மழை வந்து கழுவுது அவ்ளோதான். அப்பறம் கொஞ்சநஞ்ச உப்பு ஏறுனாலும் பயிரே தாங்கிக்கும். இந்த பொக்காளியில இருந்து எடுத்த சால்டால்ங்கிற மரபணு பகுதியை வச்சு தான் உப்பு தாங்குற புது ரகமெல்லாம் வெளிநாடு வரைக்கும் உருவாக்குறாங்க.

வரப்புல நின்னே வேதாரண்யத்துல இருக்குற சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "உப்புத்தண்ணியில நெல்லாடா? நம்ம குழியடிச்சான் மாதிரியா?"ன்னாரு (அது அவங்க பக்கத்துல உப்பு தாங்குற நெல்லு). ஆமா சித்தப்பா, ஆனா இங்க எறாலும் சேத்துன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்பறம் "எறாலு எவ்ளோ போவுது?"ன்னாரு. அவர் பக்கத்துல எறால் பண்ணை வந்து வயலு என்ன ஆச்சுன்னு அவருக்கு தான தெரியும்.

இங்கயும் அந்த கேள்வி தான் பிரச்சனையே. எறால்ல காசு, நெல்லுல கையை கடிக்குது. மிஷின் இந்த சேத்துல இறங்காது, இடுப்பளவு தண்ணியில நிக்க ஆள் கிடைக்கல, வந்தவங்க முக்கால்வாசி அம்பது வயசு தாண்டுனவங்க. பக்கத்து வயல் சும்மா கிடந்துச்சு, அங்க நெல்லே போடாம எறாலுக்கு மட்டும் விடுறாங்களாம். நெல்லு போடலன்னா தாள் இல்ல, தாள் இல்லன்னா எறாலுக்கு தீனி இல்ல, அப்பறம் கடையில வாங்கி போடணும். இவ்ளோ சுத்தமா ஓடுன சக்கரத்துல ஒரு ஆரத்தை புடுங்கிட்டு வண்டி ஓடும்னு நினைக்கிறது எனக்கு சுத்த முட்டாள்தனமா தான் படுது.

நானும் இறங்கி பாத்தேன். மூணாவது அடியில ஒரு செருப்பு போச்சு. இப்ப எங்கயோ சேத்துக்கடியில எறாலுக்கு வீடா இருக்கும். சேச்சிங்க சிரிச்ச சிரிப்பு எதிர்கரை வரைக்கும் கேட்டுருக்கும்.

மதியம் பக்கத்துல ஒரு கள்ளு ஷாப்புல சாப்பாடு. சிவப்பரிசி சோறு, மீன் கறி, கக்கா இறைச்சி (மட்டி, சிப்பிக்குள்ள இருக்குற கறி) தேங்காய் கொத்து போட்டு வறுத்தது. அந்த கக்காவுக்காக மட்டும் இன்னொரு தடவை போவேன், சத்தியமா. கரிமீன் மட்டும் விலை கேக்காம ஆர்டர் பண்ணாதீங்க, சைஸை பாத்து விலை போடுறாங்க, பில்லை பாத்து எனக்கு புரையேறிடுச்சு. சாப்பாட்டுக்கு 150ன்னு வச்சிருந்த பட்ஜெட் 520ல போய் நின்னுச்சு.

பொக்காளி அரிசி கிலோ 120ன்னாங்க, ரெண்டு கிலோ வாங்குனேன். ஆட்டோக்காரருக்கு குடுக்கும்போது எரிஞ்ச வயிறு இதுக்கு எரியல. செலவு கணக்கு: ஆட்டோ, சாப்பாடு, அரிசி எல்லாம் மேல சொல்லிட்டேன், கூட புது செருப்பு 180, கூட்டிக்கங்க.

வீட்டுக்கு வந்து குக்கர்ல வச்சா நாலு விசிலுக்கும் வேகல, ஆறு வச்சேன். அதுக்குள்ள சித்தப்பா போன், விதை நெல்லு வாங்குனியான்னு. அரிசி தான் சித்தப்பான்னேன். "அரிசியா? அவ்ளோ தூரம் போயிட்டு?"ன்னு வச்சிட்டாரு.