மூன்றாம் முறை கழற்றிய கிரவுன் பினியன், ஒருவழியாக ஊளை நின்றது

நேற்று இரவு பத்தரை மணிக்கு ஆளில்லாத சாலையில் 60-க்கு ஏற்றி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஃபேனையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டயர் இரைச்சல் மட்டும்தான். மறுபடி 70-க்கு ஏற்றி விட்டேன். அப்போதும் டயர் இரைச்சல்தான். மட் டெரெயின் டயர் போட்டவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சலையும் மீறிக் காதில் விழுந்த ஊளை என்றால் அது எப்பேர்ப்பட்ட ஊளையாக இருந்திருக்கும் என்று. நாலு மாதமாக அதோடுதான் குடித்தனம். பின் டிஃபரன்ஷியலை, அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, மூன்று முறை இறக்கி ஏற்றியாயிற்று. இதை எழுதாமல் தூக்கம் வராது.

வண்டி 1985 ஹைலக்ஸ். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங், முன்னால் திட ஆக்சில். நாலு அங்குலம் தூக்கியது, முன் மட்கார்டின் பின்பக்க ஓரத்தை வெட்டியது, 35-க்கு 12.50 டயர் ஏற்றியது எல்லாம் போன வருஷமே முடிந்த கதை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கட்டிங் டிஸ்க் இருந்தால் யாரும் செய்யலாம். டயர் பெரிதானதும் வண்டி செத்துப்போனதுதான் விஷயம். முன்பு இருந்தது 28 அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்குப் பொருத்தமான 4.10 கிரவுன் பினியனை (டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பினியன் பெரிய கிரவுனைச் சுற்றும் பல்சக்கர ஜோடி; பினியன் 4.10 சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று) வைத்துக்கொண்டு 35 அங்குலத்தைச் சுற்றச் சொன்னால் இன்ஜின் என்ன செய்யும்? ஐந்தாம் கியர் அலங்காரத்துக்கு என்றாகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 74 போய்க்கொண்டிருப்பேன்.

டயர் சுமார் 24 சதவீதம் பெரிது, ஆகவே பழைய நிலைக்குத் திரும்ப 5.07 வேண்டும். அப்படி ஒரு செட் கிடைக்காது. 4.88 போட்டால் பழையதைவிடக் கொஞ்சம் சோம்பல், 5.29 போட்டால் கொஞ்சம் துடிப்பு. வண்டியில் எப்போதும் சாமான் இருக்கும், ஏற்றமும் ஏறவேண்டும் என்று 5.29-க்குப் போனேன். அதில் ஒரு பாதகம் உண்டு, தெரிந்தேதான் எடுத்தேன்: பினியனுக்கு 7 பல்தான், கிரவுனுக்கு 37. பினியன் தலை பழையதற்குப் பக்கத்தில் குழந்தை மாதிரி இருக்கும். முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்கள் 4.88-ஓடு நின்றுகொள்வதே நல்லது.

இனி தப்புகள்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது கிரஷ் ஸ்லீவ், பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நின்று, பினியன் நட்டை முறுக்க முறுக்க நசுங்கும் குழாய். அந்த நட்டை முறுக்கிப் பார்த்தவர்களுக்கு அது என்ன ஜென்மம் என்று தெரியும். நாலடி பைப்பைச் செருகி உடம்பு எடை மொத்தத்தையும் போட்டாலும் அசையாது, பினியன் மட்டும் லொடலொட என்று ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஸ்லீவ் நசுங்கத் தொடங்கியதும் கடுகளவு முறுக்குக்கே ப்ரீலோட் துள்ளிக் குதிக்கும். ப்ரீலோட் என்றால் பேரிங்கின் இறுக்கம், பினியனைச் சுற்ற எவ்வளவு முறுக்கு வேண்டும் என்று ரெஞ்ச்சால் அளப்பது. புது பேரிங், 22 கிலோ-செ.மீ. பக்கம் நிறுத்த நினைத்திருந்தேன். அடுத்த முறை ரெஞ்ச்சை வைத்துப் பார்த்தபோது 38. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, வேறு ஸ்லீவ் கையில் இல்லை. நட்டை ஒரு துளி பின்னால் திருப்பினேன். முள் 22-க்கு வந்து நின்றது, நானும் நம்பிவிட்டேன்.

செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான், அதைத்தான் செய்தேன். நசுங்கிய ஸ்லீவ் மறுபடி நீளாது. நட்டைத் தளர்த்திய பிறகு இரண்டு பேரிங்குக்கும் நடுவில் அது இறுக்கமாக நிற்பதும் இல்லை. ரெஞ்ச் எதைக் காட்டினாலும், பாரம் விழுந்ததும் பினியன் முன்னும் பின்னும் நகரும். நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, 55-க்கும் 65-க்கும் நடுவில் காலை எடுத்தால் போதும், பின்னாலிருந்து ஊளை.

ஆனால் உடனே அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வண்டியைத் தூக்கியதில், கியர் பெட்டிப் பக்கமிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் பிராபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டிருக்கும், அதுதான் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பட்டைக்கடியில் ஆப்பு வைத்து, எடுத்து, மாற்றி வைத்து வீணாக்கினேன். அதிர்வு வேறு, ஊளை வேறு. கோணம் கெட்டால் பெரும்பாலும் அதை உடம்புதான் முதலில் உணரும், சீட்டும் தரையும் நடுங்கும், வேகத்தோடு சேர்ந்து ஏறும். காலை வைத்தால் ஒரு சத்தம் எடுத்தால் ஒரு சத்தம் என்று மாறி, உடம்புக்கு ஒன்றுமே தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்டால் நேராக டிஃபரன்ஷியலுக்குப் போகலாம். ஆப்பு நாலும் இப்போது டூல் பெட்டியில் கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன்.

இரண்டாவது முறை புத்தி வந்து கிரஷ் ஸ்லீவைத் தூக்கிப் போட்டுவிட்டு சாலிட் ஸ்பேசர் போட்டேன். நசுங்குகிற வேலையே இல்லை, ஸ்பேசரோடு சேரும் ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையங்களைக் கூட்டிக் குறைத்து ப்ரீலோட் வைக்கவேண்டியதுதான். ஷிம்மைக் குறைத்தால் இறுகும். பொறுமை வேண்டும், ஆறு தடவை ஃபிளாஞ்சை, அதாவது பிராபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் தட்டை, கழற்றி மாட்டினேன். ஆனால் நட்டை மேனுவல் சொன்ன அளவுக்கு முழுதாக இறுக்கிவிட்டு அளக்கலாம், அளந்தது பிடிக்கவில்லை என்றால் மறுபடி கழற்றலாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரும் அழவேண்டியதில்லை. ப்ரீலோட் 21-இல் நின்றது. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான தளர்வு, 0.15. இந்த எட்டு அங்குல டிஃபரன்ஷியலுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இருக்கலாம், நடுவில் நிற்கிறது என்று மார்தட்டிக்கொண்டேன். ஏற்றி ஓட்டினேன். ஊளை குறைந்திருந்தது, போகவில்லை. இப்போது கால் வைத்தாலும் லேசாகக் கேட்டது, அது முன்பு இல்லாத புது வரவு.

மூன்றாவது முறை எல்லாம் பதிவு பார்ப்பதிலேயே, அதாவது பல்லோடு பல் எந்த இடத்தில் படுகிறது என்று பார்ப்பதிலேயே போயிற்று, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மஞ்சள் பேஸ்ட்டைப் பூசிச் சுற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நானும் இரண்டு முறையும் செய்தேன், இரண்டு முறையும் பல்லின் நடுவில் அழகான பதிவு வந்தது. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிவு பொய்.

ஏன் பொய் என்றால், நான் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றினேன், கிரவுன் தன்பாட்டுக்கு எதிர்ப்பில்லாமல் சுற்றியது. பல்லும் பல்லும் சும்மா உரசிக்கொண்டு போயின. பேஸ்ட்டைத் தடிமனாக வேறு பூசியிருந்தேன். அப்படிப் பூசினால் பல் படாத இடத்திலும் பேஸ்ட் நசுங்கி ஒதுங்கும், பார்க்கிறவன் தனக்கு வேண்டியதை அதில் பார்த்துக்கொள்வான். நான் பார்த்துக்கொண்டேன்.

இந்த முறை பேஸ்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெயின்ட் அடிக்கும் பதத்துக்கு இளக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நாலு பல்லுக்கு மட்டும் மெல்லிசாகப் பூசினேன். தேர்டு மெம்பரை (கிரவுனும் பினியனும் சேர்ந்து தனியாகக் கழன்று வரும் டிஃபரன்ஷியல் பகுதி) மேஜையில் போல்ட் போட்டு முடுக்கி, கிரவுனின் முதுகுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி இடது கையால் நெம்பிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பினியன் நட்டில் நீள ரெஞ்ச்சைப் போட்டுச் சுற்றினேன். தோள் வலிக்கவேண்டும், அந்த அளவுக்கு எதிர்ப்பு. முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் வேறு கதை. சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு நீள்வட்டம், உள்ளே பேஸ்ட் துடைத்தெடுத்தது போல இரும்பு பளபளக்கிறது, ஓரத்தில் ஒதுங்கிய பேஸ்ட் முடியளவு வரப்பாக நிற்கிறது. இருக்கும் இடம்தான் கோளாறு. பல்லின் நடுவில் இல்லை, உச்சி ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது பினியன் போதுமான அளவுக்கு உள்ளே போகவில்லை.

பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருந்த ஷிம் 1.88 மி.மீ. 1.91 போட்டேன், பதிவு அசைந்தது போலவும் இருந்தது அசையாதது போலவும் இருந்தது. 1.94, இறங்கத் தொடங்கியது. 1.97-இல் நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பினியன் உள்ளே போகப் போக பேக்லாஷ் குறையும், ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி கிரவுனைத் தள்ளி வைக்கவேண்டும். பேக்லாஷை ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடக்கூடாது என்பதும் இந்த முறைதான் உறைத்தது. நாலு இடத்தில் அளந்தேன்: 0.14, 0.15, 0.16, 0.15. முதல் முறை ஒரே பல்லில் டயல் கேஜை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

இத்தனை முறை பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் பேரிங் நாசமாகிவிடும். பழைய பினியன் பேரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அதன் உள்வளையத்தை ஃபிளாப் வீலால் கையால் நழுவிப் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, ஷிம் சோதனைக்கு என்றே ஒதுக்கிவிட்டேன். கடைசி ஷிம் முடிவான பிறகுதான் புது பேரிங் ஏறியது. இந்த ஒன்றை முதல் நாளே செய்திருந்தால் ஒரு செட் பேரிங் மிச்சமாகியிருக்கும்.

கியர் விற்றவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல் வெட்டு சுத்தம், குறை சொல்வதற்கில்லை. கூட வந்த கிட்டில் ஷிம் பாக்கெட் பாதி காலி, 1.97 அதில் இல்லவே இல்லை. கேட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது என்று பதில். பெரும்பாலானவர்கள் எதிர்ப்புக் கொடுக்காமல் பதிவு பார்க்கிறார்களோ என்னவோ. கடைசியில் பழைய டிஃபரன்ஷியல் உதிரிகளை வைத்திருந்த ஒருவரிடம் ஒரு டப்பா நிறைய ஷிம்களைக் கொட்டி, மைக்ரோமீட்டரும் கையுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன்.

ஏற்றியதும் ஜிஎல்-5, 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊற்றி, இருபது நிமிஷம் ஓட்டுவது, முழுதாக ஆறவிடுவது என்று மூன்று தடவை. பாரம் ஏற்றவில்லை, ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. மூன்றாவது தடவை ஹவுசிங்கில் கை வைத்துப் பார்த்தேன், வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. 800 கி.மீ. ஆனதும் எண்ணெயை மாற்றவேண்டும். ஸ்பீடோமீட்டரும் தானாகவே சரியாகிவிட்டது, நிஜமான 60-க்கு 62 காட்டுகிறது, போதும்.

இன்று காலை பொறுமை தாங்கவில்லை. முன்னால் இன்னும் பழைய 4.10 இருப்பதால் நாலு சக்கர ஓட்டம் பேச்சுக்கே இடமில்லை, சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைத்துவிடும். ஆனால் முன் ஹப் இரண்டையும் ஃப்ரீயில் திருப்பி, முன் சக்கரங்களை ஆக்சிலிலிருந்து பிரித்துவிட்டு லோ ரேஞ்ச் போட்டால் முன் ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், பின் சக்கரம் மட்டும் இழுக்கும். டயரை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 16-க்கு இறக்கி, வறண்ட ஓடைக் கரையில் முழங்கால் உயரக் கற்கள் கிடக்கும் ஏற்றத்தில் முதல் கியரில் விட்டேன். முதல் கியரின் 3.95, லோ ரேஞ்ச்சின் 2.28, டிஃபரன்ஷியலின் 5.29 மூன்றையும் பெருக்கினால் 47.6 வரும், முன்பு இது 37-க்குக் கீழே. அந்த வித்தியாசத்தைக் காலில் உணரலாம். முன்பு இதே ஏற்றத்தில் கிளட்ச்சைக் கடித்துக் கடித்து நாற்றம் கிளப்புவேன், இன்று கிளட்ச் பக்கம் கால் போகவே இல்லை. டயர் கல்லைக் கவ்வி, பக்கவாட்டில் பிதுங்கி, ஒரு நொடி யோசித்துவிட்டு ஏறிப்போனது.

பாதி ஏற்றத்தில் இடது பின் சக்கரம் ஒரு கை உயரம் காற்றில் தூக்கிக்கொண்டு சும்மா சுழன்றது. வலது சக்கரம் அசையவில்லை. அங்கேயே கதவைத் திறந்துகொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இதே டிஃபரன்ஷியலை மூன்று முறை திறந்தவன், இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுற்றவைக்கும் லாக்கரை அப்போதே ஏன் போடவில்லை? போட்டிருக்கலாம். போடவில்லை. இனி அதற்காக நாலாவது முறை திறந்தால் பேக்லாஷ், பதிவு எல்லாம் முதலிலிருந்து. கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

முன்பக்கத்துக்குத் தனியாக ஒரு தேர்டு மெம்பர் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். இந்த ஆக்சிலில் முன்னால் பினியன் பல்லின் மறுபக்கத்தால், அதாவது பின்னால் காலை எடுத்தால் பாரம் விழும் கோஸ்ட் பக்கத்தால்தான் வண்டியை இழுக்கும், ஆகவே அந்தப் பக்கத்துப் பதிவைத்தான் அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். ஸ்டியரிங்கைக் குறுக்கு ராடுக்கு மாற்றும் ஆசையும் இருக்கிறது, இப்போது ராட் பட்டையில் இடிக்கிறது, முழுதாக ஒடித்தால் டயரும் ஸ்பிரிங்கை நக்குகிறது. முன் ஆக்சில் முனையில், சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் பிர்ஃபீல்ட் ஜாயிண்ட் 35 அங்குல டயருக்கு எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை தனி, அதற்கும் குரோமோலி (உறுதியான எஃகு) செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் முன் டிஃபரன்ஷியல் முடிந்த பிறகு.

அது இன்று சாயங்காலம் 1.94-இல் நிற்கிறது. மரக்கட்டையை நெம்பித்தான் பார்த்தேன். பதிவு இன்னும் ஒரு முடி உச்சிப் பக்கம், அடுத்த ஷிம் டப்பாவில் இல்லை.