சுங்கை சிப்புட்டில் ஒரு டேக்கைத் திறந்து, மாற்றி, விற்றது

டேக் என்பது கணினியில் உள்ள டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக்கி ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்பும் பெட்டி. முதலில் கணக்கு. பாகங்களுக்கு 460 மலேசிய வெள்ளி போனது. அதனால் விற்பனை விலையில் ஏற்ற முடிந்தது 150 வெள்ளிதான். மேம்படுத்தி லாபம் பார்க்கலாம் என்று யாரும் ஸ்குரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். ஆனால் கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, அளந்த எண்களோடு காட்டியதால் பெட்டி சீக்கிரம் கைமாறியது. வந்தவரும் பேரத்தில் அதிகம் இழுக்கவில்லை.

பெட்டியின் பெயர் இங்கே முக்கியமில்லை. உள்ளே டிஜிட்டலை அனலாக் ஆக்கும் ஏகேஎம் 4497 சிப் இரண்டு, வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, கணினியிலிருந்து பாட்டை வாங்கும் அமானெரோ யூஎஸ்பி பலகை, வெளியீட்டுச் சிக்னலைக் கையாளும், சாக்கெட்டில் செருகிய ஆப்-ஆம்ப் சிப்கள். எடை எட்டு கிலோ. இந்த அமைப்பில் உள்ள எல்லா டேக்குக்கும் கீழே சொல்வது பொருந்தும். அந்த சிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவில் இருந்த ஏகேஎம் ஆலை தீப்பற்றியபின் இந்த வகை சிப்கள் கிடைப்பதே பாடானது. சிப்பைச் சுட்டுவிட்டால் மாற்று தேடி அலைய வேண்டும் என்ற பயத்தோடுதான் சோல்டர் இரும்பைக் கையில் எடுத்தேன்.

மூடியைத் திறக்கும் முன் அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். பிறகு 'முன்பு எப்படி இருந்தது' என்று கேட்டால் பதில் இருக்காது. முழு அளவில் பதிந்த சைன் ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் ஆர்சிஏ வெளியீட்டில் 2 வோல்ட் அளவிலும், எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் முனைக்கும் 3-ஆம் முனைக்கும் இடையே 4 வோல்ட் அளவிலும் வரவேண்டும். ஒலியை 1,000 ஹெர்ட்ஸில் வைக்காமல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். மலிவு மீட்டர்கள் மின்சார லைனின் அதிர்வெண்ணை ஒட்டித்தான் சரியாகக் காட்டும், மேலே போனால் பொய் சொல்லும். இடது 2.00, வலது 2.02 என்றால் வித்தியாசம் 0.1 டெசிபெல்கூட இல்லை, கவலை வேண்டாம். அடுத்து டிசி மில்லிவோல்ட்: பாட்டு ஓடாதபோது 5-க்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு.

இரைச்சலுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஏதாவது ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸில் கூர்முனை எழுந்தால் எர்த் சுற்று (இணைந்த பெட்டிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாவது), அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம். 100 ஹெர்ட்ஸில் எழுந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள கெப்பாசிட்டர் களைத்துவிட்டது. என் பெட்டியில் 100 தான் உயர்ந்திருந்தது. அதற்கு முன் 50-இலும் ஒன்று தெரிந்தது. ஆம்ப்போடு சேர்ந்திருந்த ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி பெட்டியின் டிஷ் கேபிளைக் கழற்றியதும் அது போய்விட்டது. இதைப் பார்க்காமல் டேக்கில் கை வைப்பவர்கள் இங்கே நிறைய.

பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, கெப்பாசிட்டரில் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்தபிறகே உள்ளே கை வைக்க வேண்டும். நம் ஊர்ப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கும் என்பது தெரிந்ததுதானே: பல்லி முட்டை, காய்ந்த எச்சம், காற்றுத் துளை வழியே வந்து குடியேறிய சின்ன எறும்புகள். செம்பனைக் காட்டு ஓரத்து வீடென்றால் எறும்பு இன்னும் அதிகம். எச்சம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு செம்புத் தடத்தை அரித்துவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் கொண்டு துடைத்தேன். மருந்தகத்தில் விற்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி தண்ணீர்.

கெப்பாசிட்டர்தான் உண்மையில் வித்தியாசம் செய்த வேலை. உள்ளே இருந்தவை 4,700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் 15-0-15, அதாவது நடுமுனைக்கு இருபுறமும் 15 வோல்ட் ஏசி. ஆலைக்காரர் கணக்குப்படி 15-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 21.2, டையோடு கொஞ்சம் குறைக்கும், 25 போதும். இங்கே கதை வேறு. டிரான்ஸ்ஃபார்மர் 230-க்குச் சுற்றப்பட்டது, வீட்டு சாக்கெட்டில் 240-க்கு மேலேயே வருகிறது. மலேசியாவில் 253 வரை அனுமதி உண்டு. சுமை குறைவாக உள்ள டொராய்டு இன்னொரு பத்து சதவீதம் கூட்டிக் கொடுக்கும். எல்லாம் சேர்ந்தால் 25-ஐத் தொட்டுவிடும். விளிம்பில் ஓடும் கெப்பாசிட்டர் சூட்டில் வேகமாகக் காயும். பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு, மூடிய அலமாரிக்குள் 34 டிகிரியில் கிடக்கும் பெட்டிக்கு அந்தக் கணக்கு இரக்கம் காட்டாது.

ஆகவே போட்டது 4,700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி வகை. 22 மில்லிமீட்டர் விட்டம், கால் இடைவெளி 10 மில்லிமீட்டர், உயரம் 35. மூடி இடிக்குமா என்பதை வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். அளவைப் பெருக்கி 10,000 போட்டால் இன்னும் நல்லது என்பார்கள். நான் உடன்படவில்லை. அவ்வளவு பெரியதை நிரப்ப டையோடுகள் குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும், அந்தத் திடீர் இழுப்புத்தான் டிரான்ஸ்ஃபார்மரில் இரைச்சலாகப் பரவும், சுவிட்சைப் போடும் கணத்தில் பியூஸும் அடிவாங்கும்.

கழற்றுவதில்தான் பலகைகள் பாழாகின்றன. ஈயமற்ற சோல்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், எர்த் தடமோ சூட்டையெல்லாம் விழுங்கிவிடும். அவசரத்தில் இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்பு உறையும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் மேலும் கீழும் இணைப்பு இல்லை. முதலில் 63/37 ஈய சோல்டரைப் பழையதோடு கலந்து உருகுநிலையை இறக்குங்கள். அகலமான உளி முனை, 380 டிகிரி, இரண்டு காலையும் மாறி மாறிச் சுட்டு அசைத்தால் தானாக வரும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணையுங்கள். ஒரு தரம் பளிச்சிட்டு மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

சிப்புக்கு நேரத்துடிப்பைத் தரும் கிளாக்குக்கு மட்டும், வோல்ட்டைச் சீராக்கும் எல்டி3045 ரெகுலேட்டர் மாட்யூல் போட்டேன். இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட், நல்ல பொருள். ஆனால் 500 மில்லிஆம்பியர்தான் தாங்கும், டிஜிட்டல் பகுதி முழுவதையும் இதில் தொங்கவிடக் கூடாது. வெளியீட்டு வோல்ட்டை ஒரே ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது: 33 கிலோஓம் என்றால் 3.3 வோல்ட், 50 என்றால் 5. இணையத்தில் வாங்கும் மாட்யூல் எந்த வோல்ட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று அளக்காமல் இணைத்தால் கிளாக் அந்த நொடியே போகும். சூடும் உண்டு. 9 வோல்ட் கொடுத்து 3.3 எடுத்தால், 150 மில்லிஆம்பியரில் கிட்டத்தட்ட 0.86 வாட் அந்தச் சின்னப் பலகையிலேயே கரைய வேண்டும்.

ஆப்-ஆம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓபிஏ1612 போட்டேன், அடாப்டரோடு. காதுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அளவிலும் இல்லை. ஓபிஏ627 என்று மலிவாக விற்பவை பெரும்பாலும் போலி. வேகமான ஆப்-ஆம்ப்புக்கு மின்சாரம் வாங்கும் காலின் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அலைபாயும். தொட்டால் சுடும், அதுதான் அடையாளம். விற்பதற்கு முன் பழையதையே திரும்பச் செருகிவிட்டேன்.

பாகங்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் போகலாம். பெரிய கெப்பாசிட்டரைக் கையில் பார்த்து, அளந்து வாங்க அந்தத் தெருதான் வசதி. வெளிநாட்டு இணையக் கடைகளில் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் படங்கள்: சீரியல் எண், பின்புறம், மூடி திறந்த உட்புறம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும், இரைச்சல் வரைபடம். 'மேம்படுத்தியது' என்ற ஒற்றைச் சொல் வாங்குபவரை விரட்டும். எந்தப் பாகம், எந்த மதிப்பு, யார் சோல்டர் செய்தது, வாரண்டி போய்விட்டது என்பதைத் தனித்தனியாக எழுதினேன். ஈப்போவிலிருந்து வந்த தம்பி முதலில் கேட்டது, "அண்ணே, பழைய பாகம் இருக்கா?" என்றுதான்.

அவர் சோதித்த முறையில் ஒரு விஷயம் பாராட்டத்தக்கது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பாடல் ஒன்று, 96 ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்த்தார். உள்ளே இரண்டு கிரிஸ்டல்: 22.5792 மெகாஹெர்ட்ஸ் 44.1 குடும்பத்துக்கு, 24.576 மெகாஹெர்ட்ஸ் 48 குடும்பத்துக்கு (96 இதில் சேரும்). ஒன்று செத்திருந்தாலும் மற்றதில் பெட்டி நன்றாகவே பாடும். யூஎஸ்பி, கோஆக்சியல், ஆப்டிகல் எல்லாவற்றையும் பாருங்கள், குறிப்பாக யூஎஸ்பியை. மாலை இடியில் அடிபட்டது அங்கேதான் அடிக்கடி தெரிகிறது. ஃபைபர் மின்சாரம் கடத்தாது, உண்மை. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில் செருகியிருக்கிறதே, அங்கிருந்து நெட்வொர்க் கேபிள், கணினி, யூஎஸ்பி என்று வந்துவிடும். இரண்டு மணி நேரம் ஓடவிட்டபிறகு மறுபடி சோதிப்பதும் அவசியம், சூட்டில் மட்டும் வரும் கோளாறுகள் உண்டு.

பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததை நானே என் கைப்பேசியில் பார்த்தபிறகுதான் பெட்டியைக் கொடுத்தேன். ரசீதுப் படம் ரசீது ஆகாது. நீங்கள் வாங்குபவராக இருந்தால், விற்பவரின் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் மலேசியப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

அனுப்புவதாக இருந்தால் மிகப் பெரிய ஆபத்து டிரான்ஸ்ஃபார்மர். நடுவே ஒரே போல்ட்டில் நிற்கும் கனமான டொராய்டு, பெட்டி விழுந்தால் சாய்ந்து பலகையை உடைக்கும். போல்ட்டை இறுக்குங்கள், ஆனால் அந்த போல்ட் மூடியையும் அடித்தட்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் பெட்டியின் உலோகக் கூடு முழுவதும் ஒரு ஷார்ட் சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். நீளமான போல்ட்டை மாற்றிப் போட்டவர்கள் இதை மறக்கிறார்கள். இரட்டை அட்டைப்பெட்டி, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் நுரை, உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல் இரண்டு.

தம்பி காரிலேயே எடுத்துப் போனார். காரின் பின்பெட்டியில் வைத்தால் உருளும் என்று பின் இருக்கையின் கால்வைக்கும் இடத்தில் இறக்கினோம். அடியில் உள்ள 115/230 சுவிட்ச் 230-இல் இருக்கிறதா என்று அவரையே குனிந்து பார்க்கச் சொல்லி, பழைய கெப்பாசிட்டர் பையை மூடியின் மேல் ஒட்டிக் கொடுத்தேன்.