ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு

குறுவை அறுப்பு முடிந்த கையோடு, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்த் திண்ணையில் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கும் பேச்சு வந்தது. பங்கு அதிகம் போடுகிறவர் சொன்னதுதான் நடக்கும் என்றார் பெரியப்பா.

இல்லவே இல்லை என்றேன் நான். கம்பெனிச் சட்டத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. 10 விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், தனிநபர்கள் மட்டும் உறுப்பினர்கள் என்றால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. மூன்று மா நிலம் மட்டும் வைத்திருக்கிற அத்தைக்கும் அதேதான், எனக்கு இதுதான் முக்கியம். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். அப்புறம், மிஞ்சுகிற லாபத்தை அவரவர் கொடுத்த நெல்லின் அளவுக்கு ஏற்றபடி போனஸாகப் பிரிக்கலாம்.

"சரி, விதிகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவா" என்றார் பெரியப்பா. எழுதிக்கொண்டிருக்கிறேன்.