எட்டு மாதக் குழந்தைக்கு ஐவி லைன் போட்ட கதை

பெரியவர்களுக்கு வென்ஃப்ளான் (ஊசியோடு ரத்த நரம்புக்குள் போய், ஊசியை உருவியதும் உள்ளே தங்குகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்; அது வழியாக மருந்து ஏற்றுவதுதான் ஐவி லைன்) போடுவதில் கை தேறிவிட்டது என்ற தெனாவட்டோடுதான், ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, குழந்தைகள் வார்டு போஸ்டிங்குக்குப் போனேன். மெடிசின் வார்டில் இருந்தபோது ராத்திரிக்குப் பத்து லைனாவது போடுவேன். முதல் வாரம் ஒரு தாத்தாவுக்கு டூர்னிக்கேவை (நரம்பு புடைக்கக் கையில் இறுக்கும் கட்டு) அவிழ்க்காமலே ஊசியை உருவி, போர்வையெல்லாம் ரத்தமாக்கினேன். "பரவாயில்லம்மா, ரத்தம் நல்லா ஊறுது போல" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். மற்றபடி பெரிய விபத்து இல்லை.

குழந்தைகள் வார்டில் முதல் நைட் ட்யூட்டி. எட்டு மாதம், 7 கிலோ, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. பிஜி (மேற்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டர்) கணக்கைச் சொன்னார்: கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட் திரவம், அதில் 30 முதல் ஒரு மணி நேரத்தில், மீதி 70 அடுத்த ஐந்து மணி நேரத்தில். முதல் மணிக்கு 210 மில்லி. "லைனைப் போட்டு ஆரம்பிச்சிடு" என்று சொல்லிவிட்டு லேபர் வார்டு அழைப்புக்கு ஓடிவிட்டார்.

ட்ரேயில் பச்சை 18 இருக்கிறது, ரோஸ் 20 இருக்கிறது, நீலம் 22 இருக்கிறது. எண் கூடக்கூட ஊசி மெலியும்; குழந்தைக்கு வேண்டிய மஞ்சள் 24 மட்டும் இல்லை. நீலத்தை வைத்து ஒரு முறை முயன்று தோற்றேன். இரண்டு மாடி இறங்கி ஸ்டோருக்கு ஓடினால், அங்கிருந்தவர் இண்டென்ட் நோட்டை (பொருள் கேட்டு எழுதுகிற நோட்டு) நிதானமாகப் புரட்டினார். "டாக்டர் கையெழுத்து இல்லையே?" நான் போடுகிறேன் என்றேன். "ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து செல்லாதும்மா." வெறுங்கையோடு படியேறினேன். இப்போது நினைத்தாலும் எரிகிறது. கடைசியில் பக்கத்து ஐசியூவில் இரண்டு மஞ்சள் கடன் கிடைத்தது. முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால், சிஸ்டர் குழந்தையின் மூக்கு வழியாக ட்யூப் போட்டு ஓ.ஆர்.எஸ் ஏற்றத் தொடங்கியிருந்தார். லைன் கிடைக்காவிட்டால் அதுதான் வழி என்று படித்தவள் நான், செய்தவர் அவர்.

முதல் மஞ்சளை நான்தான் வீணாக்கினேன். பெரியவர்களுக்குக் குத்துகிற அதே சாய்வில் குத்தி, ஊசியின் பின்பக்கம் ரத்தம் தெரிந்ததும் தள்ளினேன். புறங்கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. நீர் வற்றிய குழந்தைக்கு ரத்தம் மெதுவாகத்தான் ஏறி வரும். அது நம் கண்ணில் படுவதற்குள் ஊசி நரம்பின் மறுபக்கத்தையே துளைத்திருக்கும். பதற்றத்தில், உருவிய ஊசியைத் திரும்ப பிளாஸ்டிக்குக்குள் செருகப் போனேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஊசி முனை பிளாஸ்டிக்கை நறுக்கிவிட்டால் துண்டு ரத்தத்தோடு போய்விடும். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள்.

"ஏம்மா, நீ இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?" என்று பாட்டி கேட்டார். பதில் சொல்லவில்லை.

"டாக்டர், முதல்ல ப்ளாஸ்டரைக் கிழிச்சு வைங்க" என்றார் சிஸ்டர். நான் எப்போதும் கடைசியில் தேடுகிற பொருள். ப்ளாஸ்டர் நான்கு துண்டு, சலைன் நிரப்பிய சிரிஞ்ச், கை அசையாமல் கட்ட அட்டைப்பெட்டியில் வெட்டி காஸ் துணி சுற்றிய பட்டை எல்லாம் ஊசியைத் தொடும் முன்பே தயாரானது. குழந்தையைத் துணியில் சுற்றி, ஒரு கையை மட்டும் வெளியே விட்டோம். அம்மாவைத் தலைமாட்டில் நிறுத்தி, பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார். எனக்கு நரம்பே தெரியவில்லை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே, புறங்கையில் என் விரலை வைத்துக் காட்டினார்: "இங்க கண்ணுக்குத் தெரியாட்டியும் பெரும்பாலும் இருக்கும்."

ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் ஊசியை வைத்து, ஒரு நூல் தள்ளி நிறுத்தி, பார்த்து, மறுபடி ஒரு நூல். ரத்தம் துளியாக எட்டிப் பார்த்தது. அங்கேயும் அவசரப்படாமல், சாய்வை இன்னும் தாழ்த்தி ஒரு இம்மி முன்னே போன பிறகே பிளாஸ்டிக்கை மட்டும் நழுவ விட்டேன். ஊசி முனை பிளாஸ்டிக்கைவிடக் கொஞ்சம் முன்னே நீண்டிருக்கிறது. ரத்தம் தெரிந்ததும் உருவினால் பிளாஸ்டிக் வெளியிலேயே நின்றுவிடும். டூர்னிக்கேவை அவிழ்த்தேன் (தாத்தா புண்ணியம்). சலைன் வீக்கமில்லாமல் போனது.

விடியற்காலை நாலரைக்குக் குழந்தை வீறிட்டு அழுதது, கண்ணீரோடு. அதற்கு முன் அழுதபோதெல்லாம் கண்ணீரே வரவில்லை. பாட்டி எனக்கு ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தார்.

காலையில் பிஜி கையெழுத்துப் போட, ஸ்டோரிலிருந்து மஞ்சள் ஒரு பெட்டி வந்தது. ஐசியூ கடனை அடைத்துவிட்டு, கோட் பாக்கெட்டில் இரண்டு எடுத்து வைத்துக்கொண்டேன். சிஸ்டர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.