ஐம்பதில் ஸ்கைடைவிங்

ஐம்பது வயதில் ஸ்கைடைவிங் கற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகக் கற்கலாம். கலிபோர்னியாவின் பெர்ரிஸ் நகரில் இப்போது நானும் ஒரு மாணவன்.

முதல் குதிப்பிலேயே முதுகில் நம் பாராசூட்தான். இரண்டு பயிற்சியாளர்கள் இருபுறமும் பிடித்தபடி கூடவே விழுகிறார்கள். சுமார் 13,000 அடியில் விமானத்தை விட்டால், மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகம். இடுப்பை முன்னே தள்ளி உடலை வில்லாக வளைக்க வேண்டும். நாற்காலியிலேயே உழைத்த முதுகு அதற்கு எளிதில் இணங்காது. தினமும் தரையில் குப்புறப் படுத்துப் பழகுகிறேன்.

குறித்த உயரத்தில் நாமே பாராசூட்டைத் திறக்காவிட்டால் ரிசர்வ் பாராசூட்டை, அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டைத் தானே திறக்கும் கருவி உண்டு. அதை நம்பிக் குதிக்கக் கூடாது என்பதில் பயிற்சியாளர்கள் மிகக் கறார். எனக்கு அந்தக் கறார் பிடித்திருக்கிறது.

எனக்குக் கடினம் தரையிறங்குவதுதான். தரையை நெருங்கும் அந்த நொடியில் இரு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னதாக இழுத்தாலும் பிந்தினாலும் முழங்காலுக்கு ஆபத்து. நம் வயதில் எலும்பு சேர நாளாகும், ஆகவே காற்று பலமென்றால் கீழேயே இருந்துவிடுகிறேன். (இளைஞர்களும் இதைச் செய்யலாம்.)

அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கின் முதல் நிலை உரிமமான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். பாராசூட்டை மடித்துக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது வருகிறீர்களா?