மின்சாரக் கார் வந்துவிட்டது, கராச் பொடியள்?

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது. இப்போது யாழ்ப்பாண வீதிகளிலும் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. அவற்றைத் திருத்தப்போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சாதாரண காரின் பற்றரி 12 வோல்ற். மின்சாரக் காரின் பிரதான பற்றரி பெரும்பாலும் 300, 400 வோல்ற். பிழையான இடத்தில் தொட்டால் உயிர் போகும். செம்மஞ்சள் வயர் என்றால் உயர் மின்னழுத்தம். இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் பொறுத்து, மின்சாரம் இல்லையென்று மீற்றரில் பார்த்த பிறகே கை வைக்கலாம், அதுவும் காப்புக் கையுறையோடு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லும் கெட்டிக்காரப் பொடியள் எங்களிடம் இருக்கிறார்கள். இதை அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா?

கராச் முதலாளிமாரே, பொடியன் வேலை பழகினதும் வெளிநாடு போய்விடுவான் என்று நினைத்து மறிக்காதீர்கள். சம்பளத்தோடு பயிற்சிக்கு விடுங்கள். வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் முன்கற்றல் அங்கீகாரம் (ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்து ஏற்கும் முறை) மூலம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகளை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள்.