பாஸ்புக்கில் பூஜ்யம், பள்ளிக்கு மானியம்: பணம் எங்கே இருக்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழுவின் பாஸ்புக்கில் இருப்பு பூஜ்யம். ஆனால் மானியம் விடுவிக்கப்பட்டுவிட்டது என்று சுற்றறிக்கை வருகிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பள்ளிக்கு மானியம் வந்துசேரும் முறையே மாறிவிட்டதுதான் காரணம். ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்த மாற்றத்தை முழுதாகக் கடந்துவந்தவள் நான்.

இது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) மானியம். பழைய முறையில் ஒன்றிய அரசின் 60 சதவீதமும் மாநிலத்தின் 40 சதவீதமும் சேர்ந்து, மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கிக் கடைசியில் எங்கள் சேமிப்புக் கணக்கில் விழும். போகிற வழியெல்லாம் ஒரு வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேங்கும். 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. நாட்டில் பத்து லட்சம் அரசுப் பள்ளிகள் இருப்பதை நினைத்தால் அது சின்னத் தொகை அல்ல. இப்படிப் பணம் வணிக வங்கிகளில் முடங்கிக் கிடக்க, அதே அரசு 91 நாள் கருவூல உண்டியல்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, விற்று வட்டிக்குக் கடன் வாங்கும். அந்த வட்டியும் மக்கள் பணம்தான்.

ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 மார்ச் 23 அன்று இட்ட உத்தரவு, ஜூலை 1 முதல் இதை மாற்றியது. ஒரு திட்டத்துக்கு ஒரு மாநிலத்தில் ஒரே தாய்க் கணக்கு. கீழே உள்ள எங்களுக்கெல்லாம் பூஜ்ய இருப்புக் கணக்கு, அதில் ஒரு செலவு வரம்பு. பணம் தாய்க் கணக்கிலேயே இருக்கும். வரம்புக்குள் செலவிடும் அதிகாரம் மட்டும் நம்மிடம். பாஸ்புக்கைப் பார்த்துப் பயன் இல்லை, அரசின் பொது நிதி மேலாண்மை இணையதளமான பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வரம்பைத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் பழைய கணக்கை ஒப்படைத்தபோது வந்தது. பல ஆண்டுகளாகத் திட்ட மானியமும், முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடையும், இரண்டுக்குமான வட்டியும் அந்த ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. வங்கி மேலாளர், "டீச்சர், இருக்கிறது மொத்தமும் மேல போகணும்னுதான் எங்களுக்கு உத்தரவு" என்றார். "சார், இதுல ஊர்க்காரங்க கொடுத்த பணமும் இருக்கு. அது அரசுப் பணம் இல்ல" என்று சொல்லிவிட்டு, அன்று எதிலும் கையெழுத்திடாமல் வந்துவிட்டேன்.

எனக்கு முன்பிருந்த தலைமை ஆசிரியர்கள் எழுதிய ரொக்கப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு வரவையும் தீர்மானப் புத்தகத்தோடும் ரசீதுக் கட்டையோடும் ஒப்பிட்டேன். அவர்கள் ரசீது போட்டு வாங்கியிருந்ததால்தான் நன்கொடையைப் பிரிக்க முடிந்தது. வட்டியை இருப்பின் விகிதப்படி பிரித்தோம். குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, நன்கொடைக்குத் தனிக் கணக்கு தொடங்கினோம். மானிய மீதியும் அதன் வட்டியும் மேலே போயின. மானியத்தின் மீது வந்த வட்டியைப் பள்ளி வைத்துக்கொள்ள முடியாது. அது ஒன்றிய, மாநிலத் தொகுப்பு நிதிகளுக்கு அவரவர் பங்குப்படி போய்ச் சேர வேண்டியது. எங்கள் குழுத் தலைவி, பிள்ளையின் அம்மா, இதை விளக்கியதும் உடனே புரிந்துகொண்டார்: "அப்ப நம்ம பணம் நம்மகிட்ட, அவங்க பணம் அவங்ககிட்ட."

அதன்பின் செலவு செய்வது பழகிவிடும். யாருக்குப் பணம் தர வேண்டுமோ அவர் பெயரையும் கணக்கையும் பதிய வேண்டும்; பெயர் வங்கியில் இருப்பது போலவே இருக்க வேண்டும். தளத்தில் ஒருவர் தன் பயனர் கணக்கில் நுழைந்து பில்லைப் பதிந்து, இன்னொருவர் தன் பயனர் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தந்து, அச்சாகும் பணம் வழங்கும் ஆணையில் இருவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால், தாய்க் கணக்கிலிருந்து நேரே அவருக்குப் போகும். குழாய் சரிசெய்த தொழிலாளியின் கணக்கு நெடுநாள் இயங்காததால் அவர் கூலி ஒருமுறை திரும்பிவிட்டது. அவரைக் கிளைக்கு அனுப்பிக் கணக்கை மீண்டும் இயக்க வைத்த பிறகே கூலி கைக்கு வந்தது. அன்றாடக் கூலிக்காரருக்கு இந்தத் தாமதம் பெரிய கஷ்டம். ஆகவே வேலையை ஒப்படைக்கும் முன்பே கணக்கு இயங்குகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

2023-இல் தொடங்கிய அடுத்த ஏற்பாட்டில் தாய்க் கணக்கிலும் பணம் காத்திருக்காது. பில் வந்த பிறகுதான் ரிசர்வ் வங்கியில் உள்ள அரசுக் கணக்கிலிருந்து புறப்படும். இந்தத் திசை சரியானது என்றே நம்புகிறேன். ஆனால் வரம்பு ஜூன் மாதத்திலேயே பள்ளிக்கு வந்தாக வேண்டும். ஆண்டுக் கடைசியில் வந்தால், மழைக்கு முன் சரிசெய்ய வேண்டிய கூரை அப்படியே கிடக்கும்; மார்ச் 31-க்குள் அவசரமாக எதையாவது வாங்கிக் கணக்கை முடிக்கும் நிலைதான் மிஞ்சும்.